ஜமக்காளமும் மடக்கு நாற்காலியும்

அமராவதி அணைப் பக்கம் நண்பர் ஒருவரின் தோப்பில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்குவதென்று அவிநாசிபாளையத்தில் கூடி முடிவு செய்தோம். எதில் அமர்வது என்ற பேச்சு வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஜமக்காளமே போதும் என்றது ஒரு தரப்பு. மூட்டுவலிக்காரர்கள் மடக்கு நாற்காலி கேட்டார்கள். நாற்காலி வந்தால் சபையில் மேல் கீழ் வந்துவிடும் என்றார் ஒரு மூத்த நண்பர். அச்சொல்லைத் தொடர்ந்து சென்றதில் உருவானது இக்குறிப்பு.

'கேம்ப்' என்பது நம் அரசு அலுவலகங்களில் இன்றும் புழங்கும் சொல். அதிகாரி வெளியூர் சென்றிருந்தால் 'ஐயா கேம்ப்' என்பார்கள். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்ந்தது ரயத்துவாரி முறை. அதில் ஒவ்வொரு குடியானவரிடமும் நேராக வரி கணக்கிட வேண்டியிருந்ததால், ஆண்டுதோறும் ஜமாபந்திக்கு அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். கூடாரமும் மேசை நாற்காலிகளும் மாட்டு வண்டிகளில் சென்றன. துரை அமர்ந்திருக்க, குடியானவர் நின்று கணக்குச் சொன்னார். நாற்காலியைச் சுமந்து வந்தவருக்கும் அதில் இடமில்லை.

அத்தகைய முகாம் வாழ்க்கையின் உச்சமான படைப்பு ரூர்க்கி நாற்காலி. இன்றைய உத்தராகண்டில், வங்கப் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடமான ரூர்க்கியின் பெயரில், 1890களின் இறுதியில் அறிமுகமாயிற்று. 1899இல் தொடங்கிய போயர் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை எடுத்துச் சென்றனர். கடைந்த நான்கு கால்கள், துளைகளில் செருகும் குறுக்குச் சட்டங்கள், தோல் வார், கான்வாஸ் துணி, அவ்வளவே. ஆணியோ பசையோ கிடையாது. இணைப்புகள் சற்றே நெகிழ்வதால் மேடுபள்ளமான தரையிலும் நான்கு கால்களும் ஊன்றிக்கொள்ளும்; ஆள் அமர அமர இறுகும். டேனிஷ் வடிவமைப்பாளர் கோரெ கிளின்ட் 1933இல் அமைத்த 'சஃபாரி நாற்காலி' இதன் நேர்வாரிசு.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆலைத்துணியின் போட்டியால் நலிந்த பவானி நெசவாளர்கள், முரட்டு நூலில் வண்ணக் கோடுகளோடு ஜமக்காளம் நெய்யத் தொடங்கினர். சுருட்டித் தோளில் போடலாம்; விரித்தால் பத்துப் பேர் ஒரே மட்டத்தில் அமரலாம். பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அந்தச் சமத்துவம் முழங்கால் மடங்குகிறவர்களுக்கு மட்டுமே. மடங்காதவர் ஓரமாய் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே வரலாற்றிடமே யோசனை கேட்டோம். ரூர்க்கி நாற்காலி தாழ்வானது; மூட்டுவலிக்காரர் அதிலிருந்து எழுவது கடினம். அவருக்கு இருக்கை முழங்கால் உயரத்துக்கேனும் இருக்க வேண்டும். ஊன்றி எழக் கைப்பிடி வேண்டும். முன்விளிம்பு தொடையை அழுத்தக்கூடாது. மெல்லிய குழாய்க் கால்கள் தோப்பு மண்ணில் புதையும். அடியில் அகன்ற குமிழ் தேவை. துணியைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கண்ணி கண்ணியாய்ப் பின்னிய பனியன் துணி இழுத்தால் நீளும். அமர்ந்தவர் தரை தொடுவார். பாவும் ஊடையுமாய் நெருக்கி நெய்த துணியே பாரம் தாங்கும்.

முடிவில் ஒரு பெரிய பவானி ஜமக்காளம், கைப்பிடி வைத்த மூன்று மடக்கு நாற்காலிகள் என்று தீர்மானித்தோம். நாற்காலிகள் ஜமக்காளத்தின் விளிம்பை ஒட்டியே போடப்படும். யாருக்கு என்பதை மூட்டுகள் தீர்மானிக்கும். தூக்கி வருவது இளையவர்கள் பொறுப்பு. ஆட்சேபம் எழுப்பிய மூத்த நண்பர், முதல் நாற்காலி தமக்கே என்று அப்போதே சொல்லி வைத்துவிட்டார்.