கடம்பூரில் எத்தனை எழுத்து?

கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் இருக்கிறது கடம்பூர். போளிக்குப் பேர் போன ஊர். க, ட, ம், பூ, ர் என்று ஐந்து எழுத்தைப் பள்ளிப் பிள்ளை எண்ணிவிடும். பைத்தானிடமோ ஜாவாவிடமோ நீளம் கேட்டால் 8 என்று பதில் வரும்! யூடிஎஃப்-8 கோப்பிலோ 24 பைட் பிடிக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தம் குறியாக்கத்தைப் பின்பற்றின. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. இணையத் தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கியை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையடுத்து தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது.

யூனிகோடோ 1991லேயே தமிழுக்கு இடம் தந்திருந்தது. ஆனால் அது இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான இஸ்கியின் அடியொற்றி வந்தது. அதில் உயிருக்கும் அகர உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு. மற்றவை ஒட்டுவேலைதான். 'ம்' என்பது ம-வும் புள்ளியும். 'பூ' என்பது ப-வும் ஊகாரக் குறியும். 'ர்' கூட இரண்டு. ஆக 5 எழுத்து 8 குறியானது.

247 எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்ற வாதத்தில் பிறந்தது டேஸ்16. 2010ல் தமிழக அரசு யூனிகோடு, டேஸ்16 இரண்டையும் ஏற்றது. ஆனால் இணையமும் கைபேசியும் யூனிகோடிலேயே நிலைத்துவிட்டன.

ஆகவே எண்ணும் பொறுப்பு நிரலாளருடையது. வழி எளிது:

எண்ணிக்கை = 0
சொல்லின் ஒவ்வொரு குறிக்கும்:
குறியெண் 3006 முதல் 3021 வரை என்றால், விட்டுவிடு
இல்லையென்றால், எண்ணிக்கையில் 1 கூட்டு

துணைக்குறிகளும் புள்ளியும் அந்த எல்லைக்குள் இருப்பதால் விடை 5 வரும். ('க்ஷ' இரண்டாக எண்ணப்படும், அதைத் தனியே கவனிக்க வேண்டும்.) பைத்தானில் 'ஓப்பன்-தமிழ்' நிரலகம் இந்த வேலையைச் செய்து தருகிறது.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் சொல்லைத் திருப்பிப் போடச் சொல்வது பழைய கேள்வி. ஆங்கிலத்துக்கு ஒரே வரி போதும். அதே வரி கடம்பூரை அநாதைப் புள்ளியோடு தொடங்கி 'ரூப்மடக' ஆக்கிவிடும். சரியான விடை 'ர்பூம்டக'. விண்ணப்பப் படிவத்தில் பெயரை நீளம் பார்த்து வெட்டும் நிரலும் இப்படித்தான் புள்ளியைத் தின்றுவிடுகிறது. நண்பர்களே, தமிழ் வழியில் படித்தது குறை என்று நினைக்க வேண்டாம். இந்தப் பிழையை முதலில் கண்டுபிடிக்கப் போவது எழுத்தெண்ணிப் படித்தவர்கள்தான்.