கொழுப்பு குறைந்த டெலி இறைச்சியும் உடல் எடையும்

சமைத்துப் பதப்படுத்தி, மெல்லிய வில்லைகளாகச் சீவி, குளிர்பதனத்தில் வைத்து விற்கப்படும் இறைச்சியை அமெரிக்காவில் டெலி இறைச்சி என்கிறார்கள். பெரும்பாலும் சாண்ட்விச்சுக்குள் வைத்து, சூடாக்காமல் அப்படியே உண்ணப்படுகிறது. வான்கோழி, கோழி ஆகியவற்றின் நெஞ்சுக்கறி, கொழுப்பு நீக்கிய ஹாம், வாட்டிய மாட்டிறைச்சி ஆகியவை கொழுப்பு குறைந்தவை, சலாமி அப்படியல்ல. உறையில் 'லீன்' என்று அச்சிட, 100 கிராமில் மொத்தக் கொழுப்பு 10 கிராமுக்குக் குறைவாகவும், நிறைவுற்ற கொழுப்பு 4.5 கிராமுக்கு மிகாமலும், கொலஸ்டிரால் 95 மில்லிகிராமுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி.

எடை குறைக்க முயல்வோர் இதை நாடக் காரணம் புரதம். ஒரு வேளைக்கான அளவாகக் கொள்ளப்படும் 56 கிராம் வான்கோழி வில்லைகளில் ஏறத்தாழ 60 கலோரியும், 10 முதல் 12 கிராம் வரை புரதமும், ஒரு கிராம் அளவே கொழுப்பும் உள்ளன. அதே எடை சலாமியில் கலோரி மூன்று மடங்கு. புரதம் பசியை நெடுநேரம் தாங்கும். அதைச் செரிக்கவே அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. உணவைக் குறைக்கும் நாட்களில் தசை கரைவதையும் மட்டுப்படுத்தும்.

இந்த நன்மைக்கு உப்புதான் விலை. அதே 56 கிராமில் பெரும்பாலும் 400 முதல் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தாராளமாக அடுக்கிய ஒரே சாண்ட்விச் அதில் பாதியைத் தீர்த்துவிடும். உப்பு உடலில் நீரைத் தேக்குவதால், கொழுப்பு கரைந்தும் எடைமுள் இறங்காமல் நிற்கலாம். 'சோடியம் குறைக்கப்பட்டது' என்ற வாசகத்தையும் நம்பிவிடக் கூடாது. வழக்கமான வகையைவிட 25 சதவீதம் குறைந்தாலே அப்படி அச்சிடலாம்.

இன்னொன்று நீர். பல தயாரிப்புகளில் உப்புநீரை ஊசிவழி ஏற்றி, சிறு துண்டுகளை ஒட்டி அச்சில் அழுத்துகிறார்கள். வில்லை வழவழவென்று, எல்லாம் ஒரே நீள்வட்டமாக, தசை இழை தெரியாமல் இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். தோல் நீக்கி வீட்டில் வாட்டிய வான்கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 30 கிராம் அளவு புரதம் உண்டு. நீர் சேர்ந்த கடை வில்லையில் பெரும்பாலும் 20 கிராமை எட்டாது.

பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது. தினமும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணிப்பு. கொழுப்பு குறைந்தது என்பதற்காக இதில் விலக்கு இல்லை. பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் உப்புக்குப் பதில் செலரிப் பொடி சேர்த்தாலும் இறைச்சியில் சேர்வது நைட்ரைட்டே. ஆகவே அன்றாட உணவாக அல்லாமல், அவசரத்துக்கு உதவும் உணவாக வைத்துக்கொள்வதே நல்லது.

குளிர்பதனப் பெட்டியிலும் பெருகக்கூடிய லிஸ்டீரியா கிருமி டெலி இறைச்சியில் தொற்ற வாய்ப்புண்டு. கர்ப்பிணிகளும், 65 வயதைக் கடந்தவர்களும், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களும் இதை 74 டிகிரி செல்சியஸ் வரை, ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும்.