மாரடைப்பில் வெள்ளையணு நுழைந்த கதை

நாமக்கல் மண்டலத்தில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. மோகனூர், புதுச்சத்திரம் பக்கம் போனால் சாலைக்கு இருபுறமும் கோழிப்பண்ணைதான். அந்த ஊரிலேயே ஒருவர் நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோ எடுத்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பினால், அவர் தட்டிலிருந்து முதலில் விலக்கப்படுவது மஞ்சள் கரு. வெள்ளைக் கருவை மட்டும் சாப்பிடச் சொல்லி மஞ்சளைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவக் கழகத்தில், முயல் கூண்டுகளுக்கு முன்னால் போய் நிற்போம்.

1908-இல் இக்னடோவ்ஸ்கி என்ற மருத்துவர் அங்கே முயல்களுக்கு இறைச்சியும் பாலும் முட்டை மஞ்சளும் கொடுத்துப் பார்த்தார். மகாதமனி தடித்துத் திட்டுத் திட்டாக ஆனது. இறைச்சியா, முட்டையா, எது காரணம் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரித்துப் பார்த்தபோது பழி மஞ்சள் கருவின் மேல் விழுந்தது. 1913-இல் நிகோலாய் அனிச்கோவும் செமியோன் கலாடோவும் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். மஞ்சள் கருவிலிருந்து கொலஸ்ட்ராலை மட்டும் பிரித்தெடுத்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து ஊட்டினார்கள். அப்போதும் முயலின் தமனியில் அதே திட்டுகள். கொலஸ்ட்ரால் குற்றவாளி என்ற முடிவு அன்று பிறந்தது. முயல் தழை தின்னும் பிராணி, அதன் உடம்புக்குக் கொலஸ்ட்ராலைக் கழிக்கும் பழக்கம் இல்லை, நாய்க்கும் எலிக்கும் அதே தீனி கொடுத்தால் அப்படி ஆவதில்லை என்ற எதிர்வாதமும் கூடவே கிளம்பியது. முட்டை நல்லதா கெட்டதா என்ற அந்த வழக்கு பல பத்தாண்டுகள் நடந்தது. நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உணவுக் கொலஸ்ட்ரால் கூடாது என்ற உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல்தான் கைவிட்டது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் எனும் கொலஸ்ட்ரால் துகள் மீதான குற்றச்சாட்டோ இன்றும் அப்படியே நிற்கிறது, நியாயமாகவே.

இந்தச் சண்டையில் ஒரு முக்கியமான சாட்சி கவனிக்கப்படாமல் போனது. அனிச்கோவ் தன் நுண்ணோக்கியில் கொழுப்பை மட்டும் பார்க்கவில்லை. கொழுப்பை விழுங்கி உப்பிப்போய், நுரை நுரையாகத் தெரிந்த செல்களைப் பார்த்தார். தமனியின் உள்சுவருக்குள் புகுந்த வெள்ளையணுக்கள் அவை என்று எழுதியும் வைத்தார். அவருக்கும் முன்னால், 1856-லேயே, பெர்லினின் ருடால்ஃப் விர்ஷோ இந்த நோயை அழற்சி என்றுதான் வகைப்படுத்தினார். ஆனாலும் மருத்துவ உலகம் கொழுப்பை எண்ணிக்கொண்டிருந்தது. செல்லைத் தேடவில்லை.

தேட வேண்டிய கட்டாயம் வேறொரு கேள்வியிலிருந்து வந்தது. சேலத்திலோ ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். “போன மாசந்தான் ட்ரெட்மில் பார்த்தாங்க, எல்லாம் நார்மல்னு சொன்னாங்க. அப்புறம் எப்படி?” அந்தக் குடும்பம் டாக்டரைச் சந்தேகிக்கும், பரிசோதனையைச் சந்தேகிக்கும், விதியை நோகும். அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தமனி கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே போய், ஒரு நாள் முழுதாக மூடிக்கொள்வதுதான் மாரடைப்பு என்று வெகுகாலம் நம்பினார்கள். எழுபது சதவீத அடைப்பு ஆபத்து, முப்பது சதவீதம் பரவாயில்லை என்று நாம் இன்றும் பேசுவது அந்த நம்பிக்கையின் மிச்சம். 1980-இல் அமெரிக்காவின் மார்கஸ் டிவுட், மாரடைப்பு தொடங்கிய சில மணி நேரத்துக்குள்ளேயே நோயாளிகளுக்குத் துணிந்து ஆஞ்சியோ எடுத்தார். முதல் நான்கு மணி நேரத்தில் வந்தவர்களில் 87 சதவீதம் பேருக்குத் தமனி முற்றாக மூடியிருந்தது. மூடியது ரத்தக்கட்டி. லண்டனில் மைக்கேல் டேவிஸ், திடீரென இறந்தவர்களின் இதயங்களை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்து, அந்தக் கட்டிக்கு அடியில் கொழுப்புத் திட்டு விரிசல் விட்டிருப்பதை 1984-இல் காட்டினார். 1988-இல் இன்னொரு அதிர்ச்சி. மாரடைப்பு வந்தவர்களில் முன்பே ஆஞ்சியோ எடுத்திருந்தவர்களின் பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பின்னாளில் மூடிய அந்தத் தமனியில், பெரும்பாலானோருக்கு, முன்பு இருந்தது பாதிக்கும் குறைந்த அடைப்புதான்.

சிறிய திட்டு ரத்த ஓட்டத்தை மறிக்காது. மறிக்காததால் ட்ரெட்மில்லில் ஓடும்போது வலிக்காது, ஈசிஜி கோணாது. பரிசோதனை பொய் சொல்லவில்லை. அது பார்ப்பது ஓட்டத்தை. கொன்றது ஓட்டத்தை மறிக்காமல் சுவருக்குள் பழுத்துக்கொண்டிருந்த ஒன்று. பெரிய அடைப்பு நடந்தால் நெஞ்சை இறுக்கி எச்சரிக்கும். சிறிய திட்டு எச்சரிக்காமலே வெடிக்கலாம். இப்படி வெடிக்கக் காத்திருக்கும் திட்டுக்கு ‘எளிதில் உடையும் திட்டு’ என்ற பொருளில் இதய மருத்துவர் ஜேம்ஸ் முல்லர் 1980-களின் கடைசியில் பெயர் வைத்தார்.

எது உடையும், எது உடையாது? இங்கே ஒரு இந்தியப் பெண்மணி வருகிறார். ரேணு விர்மானி, டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து, அமெரிக்க ராணுவ நோயியல் கழகத்தில் பணியாற்றியவர். திடீர் மரணங்களின் இதயங்களை ஆயிரக்கணக்கான சீவல்களில் பார்த்தவர். 1997-இல் அவருடைய குழு 113 ஆண்களின் இதயத் தமனிகளைப் பற்றி எழுதியது. கொழுப்புக் குழம்புக்கு மேல் கொலாஜன் நார்களால் ஆன ஒரு மூடி இருக்கும். வெடித்த திட்டுகளில் அந்த மூடியின் தடிமன் கிட்டத்தட்ட எப்போதுமே 65 மைக்ரானுக்குக் கீழே, சராசரியாக 23 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி அதில் இருபத்து மூன்று பங்கு. மனித உயிருக்கும் ரத்தக்கட்டிக்கும் நடுவே அவ்வளவுதான் இருந்தது.

அந்த மெல்லிய மூடிக்குள் அவர் பார்த்தது செல்களை. மூடி எங்கே மெலிந்ததோ அங்கே மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல்கள் குவிந்து கிடந்தன. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஆம்ஸ்டர்டாமில் வான் டெர் வாலும் பெக்கரும் இதையே சொல்லியிருந்தார்கள்: மூடி கிழிந்த இடம் எதுவோ, அழற்சிச் செல்கள் கூடிய இடமும் அதுவே.

அந்தச் செல்கள் அங்கே வந்தது கெட்ட எண்ணத்தோடு அல்ல. எல்டிஎல் துகள்கள் தமனிச் சுவருக்குள் சிக்கிக்கொண்டு ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டுப்போகும்போது, உள்தோல் செல்கள் அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு, பசைபோன்ற மூலக்கூறுகளை வெளியே நீட்டுகின்றன. ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் மோனோசைட் எனும் வெள்ளையணு அதில் ஒட்டி, சுவருக்குள் நுழைந்து, மேக்ரோஃபேஜாக மாறுகிறது. சாதாரண எல்டிஎல்லை வேண்டிய அளவு வாங்கிக்கொண்டு கதவை மூடத் தெரிந்த செல்தான். கெட்டுப்போன எல்டிஎல்லுக்கு அதனிடம் இருப்பது வேறொரு கதவு, மூடவே மூடாத கதவு. 1979-இல் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் மைக்கேல் பிரௌனும் கண்ட கதவு அது. அதன் வழியே விழுங்கி விழுங்கி அந்தச் செல் அனிச்கோவ் பார்த்த நுரைச் செல்லாகிறது. கடைசியில் செத்து, தான் விழுங்கியதையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. செத்ததை அள்ள வரும் அடுத்த செல்லும் திணறிச் சாகிறது. திட்டின் நடுவே குழம்பு பெருகுவது இப்படித்தான். ஒரு சீழ்க்கட்டி பழுப்பதைப் போல.

இதுவரை மேக்ரோஃபேஜ்தான் மேடையில். 1986-இல் ஸ்வீடனின் யோரன் ஹான்சன் குழு மனிதத் திட்டுகளுக்குள் டி செல்களும் இருப்பதைக் காட்டியபோது பலர் நம்பவில்லை. கொழுப்பு நோயில் எதிர்ப்புச் சக்தியின் படைத்தளபதிக்கு என்ன வேலை? வேலை இருந்தது. டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா, மூடியைக் கட்டும் தசைச் செல்களைக் கொலாஜன் செய்யவிடாமல் தடுக்கிறது என்று பாஸ்டனில் பீட்டர் லிபியின் ஆய்வகம் 1991-இல் கண்டது. 1994-இல் அதே ஆய்வகத்தில் ஜோரினா காலிஸ் இன்னொரு பாதியைக் கண்டார். மேக்ரோஃபேஜ்கள் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளை அங்கேயே கொட்டுகின்றன. ஒரு செல் கட்டுமானத்தை நிறுத்துகிறது, இன்னொன்று கட்டியதை இடிக்கிறது. அதே கூட்டத்தில் அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் உண்டு. அவை தோற்கும்போது மூடி 23 மைக்ரானுக்கு வந்துவிடுகிறது. ஒரு கோபம், ஓர் ஓட்டம், ரத்த அழுத்தத்தில் ஒரு ஏற்றம் போதும். கிழிந்ததும் குழம்பு ரத்தத்தைத் தொடுகிறது. மேக்ரோஃபேஜ்கள் அங்கே விட்டுப்போன திசுக்காரணி ரத்தத்தை உறைய வைக்கிறது.

எல்லா மரணத்திலும் மூடி கிழிவதில்லை என்பதையும் விர்மானியின் குழுவே சொன்னது. சிலருக்கு, குறிப்பாக இளம் பெண்களுக்கும் புகைப்பவர்களுக்கும், தமனியின் உள்தோல் மட்டும் உரிந்து அங்கே கட்டி உறைகிறது.

சியாட்டிலைச் சேர்ந்த ரஸ்ஸல் ராஸ் இந்த இழைகளையெல்லாம் ஒன்றாக முடிந்து, தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோய் என்று 1999 ஜனவரியில் எழுதினார். அந்த ஆண்டு மார்ச்சிலேயே இறந்தும் போனார். கருத்து பிறந்துவிட்டது. ஆனால் அழற்சியை மட்டும் அடக்கினால் மாரடைப்பு குறையுமா என்று மனிதர்களில் காட்டும்வரை அது கருத்துதான். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2017-இல் இதய மருத்துவர் பால் ரிட்கர், முன்பே மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் கானகினுமாப் என்ற ஊசியைச் சோதித்தார். கொலஸ்ட்ராலை அது தொடவே இல்லை. இன்டர்லூக்கின்-1பீட்டா என்ற ஒரே ஒரு அழற்சிச் செய்தியை மறித்தது. நடுத்தர அளவு மருந்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றுநோயில் இறந்தவர்கள் கூடினார்கள், மருந்தின் விலையும் எட்டாத உயரம். ஊசி இதய நோய்க்கு வரவில்லை. நிரூபணம் நின்றது.

அழற்சியைத் தணிக்கும் ஒரு மாத்திரை ஏற்கெனவே நம் கையில் உண்டு. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு அடோர்வாஸ்டாடினும் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மருந்து கொழுப்பைக் குறைப்பதோடு அழற்சியையும் தணிக்கிறது, மாதக்கணக்கில் எடுத்தால் மூடி தடிக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் குறைந்துவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடும் அண்ணன்மார்களிடம் இதைக் கெஞ்சிக்கூடச் சொல்லலாம். குறைந்த எண் உங்கள் கையில் இருக்கும் காகிதத்தில். மூடி தமனிக்குள்.

அடுத்த மருந்து நம் மண்ணோடு சம்பந்தப்பட்டது. காவிரிக்கு அக்கரையில் அரவக்குறிச்சி, மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலும் சேலம் மாவட்டத்திலும் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். அதுவே செங்காந்தள், நம் மாநிலப் பூ. கம்பி கட்டிக் கொடியை ஏற்றி, காலை நேரத்தில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து, காய் பிடிக்க வைக்கும் கடும் உழைப்பு அது. ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறியும் விழுந்தும் அவர்களை அலைக்கழிக்கும் அந்த விதை ஏற்றுமதியாவது முக்கியமாகக் கொல்சிசின் என்ற பொருளுக்காக. கீல்வாதத்துக்கு நெடுங்காலமாகத் தரும் மருந்து அது. வெள்ளையணு நகர்வதற்கு உள்ளே நுண்குழல்கள் வேண்டும். கொல்சிசின் அந்தக் குழல்கள் உருவாகாமல் பிடித்துக்கொள்கிறது. செல் திட்டுக்குள் போவதும் தடைபடுகிறது, இன்டர்லூக்கின்-1பீட்டா உற்பத்தியும் தணிகிறது.

ஆஸ்திரேலியாவின் மார்க் நிடார்ஃப் 2013-இல் 532 பேரில் தொடங்கியதை 2020-இல் 5,522 பேரில் முடித்தார். நாளொன்றுக்கு அரை மில்லிகிராம், இதய நிகழ்வுகள் 31 சதவீதம் குறைவு. 2019-இல் கனடா தலைமையேற்று நடத்திய ஆய்வில் 23 சதவீதம். 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அரை மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. 2024-இல் 7,062 பேரில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு, மாரடைப்பு வந்த உடனே தொடங்கினால் பயன் தெரியவில்லை என்று வந்தது. யாருக்கு, எப்போது என்ற கேள்வியை இதய மருத்துவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் அரை மில்லிகிராமே விஷமாகலாம். கிழங்கோ நேரடி நஞ்சு. தின்றவர்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டு, சில நாளில் உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு யாரும் வேலியோரக் கிழங்கையோ விதையையோ அரைத்துக் குடித்துவிடக் கூடாது. விதையிலிருந்து ஆலையில் பிரித்து, அளந்து, டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை மட்டுமே மருந்து.