மின்சாரச் சைக்கிளும் நம்மவர்களும்

மின்சாரச் சைக்கிள் என்றதும், அது நேற்று எங்கோ ஒரு தொழிற்சாலையில் பிறந்து இன்று கோலாலம்பூர்க் கடைத்தெருவில் வந்திறங்கிய புதுமை என்றே நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் சரியன்று. 1881-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் குஸ்தாவ் துருவே என்பவர் மூன்று சக்கர வண்டியொன்றில் மின்சார மோட்டாரை வைத்து ஓட்டிக் காட்டினார். 1895 டிசம்பர் 31-இல் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பேட்டண்டு பெற்றார். பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார். வண்டியின் நடுவே தொங்கும் 10 வோல்ட் பாட்டரி. இன்று செராஸில் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மோட்டார்ச் சக்கரம் பூட்டுகிறாரெனில், அவர் செய்வதும் பெரும்பாலும் இதுவே.

இதைக் கேட்டு, எல்லாம் வெள்ளையர் மூளை என்று வியப்பவர்கள், அதற்கு ஓராண்டு முன்னர் நடந்ததையும் கேட்கவேண்டும். 1894-இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சார யந்திரத்தை நிறுவியவர்கள் லோக் யூ என்ற சீனரும், தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழருமாவர். மலாயாவில் மின்சாரம் முதன்முதல் வேலை செய்தது அங்கேதான் என்பர். பிள்ளையவர்களைக் கோயில் கட்டியவராக ஊரெல்லாம் அறியும். மின்சாரம் கொணர்ந்தவராக அறிந்தவர் எத்தனை பேர்?

அப்படியாயின் மின்சாரச் சைக்கிள் ஏறக்குறைய நூறாண்டு உறங்கியதேன்? பாட்டரியின் கனமே காரணம். காரீயத்தைச் சுமந்துகொண்டு எந்தச் சைக்கிளும் நெடுந்தூரம் ஓடாது. 1991-இல் லித்தியம்-அயான் பாட்டரி விற்பனைக்கு வந்த பின்னரே இத்தடை படிப்படியாக நீங்கிற்று.

நிற்க. சைக்கிளின் சரித்திரம் நமக்கு அந்நியமானதன்று. 1888-இல் பெல்பாஸ்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். பிறகு மோட்டார் வண்டிகளும் பெருகவே, உலகத்துக்கு ரப்பர் மிகுதியும் வேண்டியதாயிற்று. அதற்காகத் தமிழ்நாட்டுக் கிராமத்து ஏழைகள் கங்காணிகளால் திரட்டப்பட்டு இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்துசேர்ந்தனர். டயருக்குப் பால் வெட்டியவன் நாளடைவில் தானும் ஒரு சைக்கிள் வாங்கினான். ஆனால் அதன்மேல் உட்கார்ந்திருக்க அவனுக்கு உரிமையில்லை! எதிரே துரை வந்தால் இறங்கி நிற்கவேண்டும். துரைக்கு மட்டுமா? கிராணிக்கும்தான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளோடு, துரைமார் முன்னும் ஆசியச் சிப்பந்திகள் முன்னும் சைக்கிளை விட்டிறங்காதிருக்கும் உரிமையையும் அவர்கள் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர். சைக்கிளில் உட்கார்ந்திருப்பது அற்ப விஷயம் என்போர் இதனைச் சிந்திப்பார்களாக. இன்று நாம் பார்க்கும் கிராணி உத்தியோகமும் அந்த மரியாதையைப் பெற்றுக்கொண்ட உத்தியோகமே. அதை மறைப்பதில் பயனில்லை.

இனி, வேலைக்குப் போய்வரச் சொந்தமாகக் கட்ட விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். 2017 முதல் செராஸ் வழியே எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது, ஆயினும் வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவிலுள்ள இரண்டொரு மைல்தான் தொல்லை. அதற்கு மோட்டார்ச் சக்கரம், பாட்டரி, மின்னோட்டத்தை அளந்துவிடும் கண்ட்ரோலர், மிதியின் அசைவை உணரும் கருவி ஆகியவை போதும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணிப் பாட்டரி 360 வாட்-மணி தரும். கிலோமீட்டருக்கு 15 வாட்-மணி செலவானால் 24 கிலோமீட்டர் போகலாம். மேட்டுச் சாலையில் இது குறையும். ஐரோப்பிய நாடுகளில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது வரம்பு. இந்நாட்டு விதிகளையும் விசாரித்தறிந்த பின்பே சாமான் வாங்குதல் நலம். சக்கரத்தின் அச்சு திரும்பிக் கழன்றுவிடாதபடி ஓர் இரும்புப் பட்டையால் அதைப் பிடித்திறுக்கவேண்டும். பாட்டரியை மட்டும் தாமே கட்ட முற்படலாகாது. செல்களைத் தவறாக இணைத்தால் தீப்பற்றும். மாலை மழைக்கு இங்கே பஞ்சமில்லையாதலால், கம்பி இணைப்புகள் யாவும் நீர் புகாதபடி கீழ்நோக்கி இருக்கட்டும்.