மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் மருந்தும் தைராய்டும்

சிட்னியின் மேற்கே, பிளாக்டவுனிலிருந்து ரிச்மண்ட் போகும் ரயில் பாதையில் இருக்கிறது நாங்கள் வசிக்கும் குவேக்கர்ஸ் ஹில். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். 2016 மார்ச்சில் ஐந்து நாள், 2017 மார்ச்சில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் அலெம்டுசுமாப் என்ற மருந்தை நரம்பு வழியே ஏற்றிக்கொண்டார். நோய் அடங்கியது. 2019 நடுவில் ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "எனக்கு இப்ப ஒரு கரைச்சலும் இல்லை, தம்பி. பிறகு என்னத்துக்கு மாசாமாசம் ரத்தம் குடுக்கிறது?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தொடாதே என்பது எங்கள் கணினித் தொழிலின் வேதம். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தமாகப் பிறகு தேடிப் படித்தவை இவை. நான் மருத்துவன் அல்லன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

எம்.எஸ். நோயில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குகின்றன. மின்கம்பியின் மேலுறையை எலி கடித்ததுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கடித்ததோ அதைப் பொறுத்துப் பார்வை மங்கும், கால் மரக்கும், நடை தடுமாறும்.

அலெம்டுசுமாப் பிறந்தது கேம்பிரிட்ஜில். அதன் பழைய பெயர் கேம்பாத். கேம்பிரிட்ஜ் பதாலஜி என்பதன் சுருக்கம். ஹெர்மன் வால்ட்மன் குழுவினர் உருவாக்கிய இந்த எதிர்ப்பொருள், லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களைத் தேடிப் பிடித்து அழிக்கும். அலெஸ்டர் காம்ப்ஸ்டனும் அவர் குழுவினரும் 1991இல் இதை முதன்முதலாக ஓர் எம்.எஸ். நோயாளிக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் ரத்தப் புற்றுநோய் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 2012இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்ட நிறுவனம், அடுத்த ஆண்டே லெம்ட்ராடா என்ற புதுப்பெயரில், மில்லிகிராமுக்கு முன்னைவிடப் பலமடங்கு விலையில், எம்.எஸ். மருந்தாகக் கொண்டுவந்தது. வியாபாரத்தில் இதற்கு ஏதோ மரியாதையான பெயர் இருக்கும். ஆஸ்திரேலியாவில் 2013 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

தைராய்டு விவகாரம் அதற்கு வெகுமுன்பே தெரிந்திருந்தது. கேம்பிரிட்ஜ் குழு 1999இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில், மருந்து பெற்ற 27 பேரில் 9 பேருக்குக் கிரேவ்ஸ் நோய் வந்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவர்! 334 பேரைக் கொண்ட அடுத்த பெரிய சோதனையின் முடிவு 2008இல் வெளியானது. அலெம்டுசுமாப் பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்குத் தைராய்டுக் கோளாறு; ஒப்பீட்டுக்காக இன்டர்ஃபெரான் பெற்றவர்களில் 3 சதவீதம். பல ஆண்டு தொடர்ந்து கவனித்தபோது பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேர் வரை போனது.

என்னைக் குழப்பியது வேறொன்று. மருந்து ஒரு மாதத்துக்குள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடுகிறது. தைராய்டுக் கோளாறோ மூன்றாம் ஆண்டில்தான் உச்சத்துக்கு வருகிறது. இல்லாத மருந்து எப்படித் தீங்கு செய்யும்?

தீங்கு செய்வது மருந்தல்ல, அது காலி செய்த இடம். ஒரு சர்வரின் வட்டைத் துடைத்துவிட்டு மென்பொருளை மீண்டும் நிறுவுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். புதிய டி செல்களைத் தயாரித்து, சொந்த உடலைத் தாக்கக்கூடியவற்றைக் கழித்துக்கட்டும் சோதனைச் சாலை, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி. பெரியவர்களுக்கு அது சுருங்கிப்போயிருக்கும். ஆகவே துடைப்பில் தப்பிய சில டி செல்களே தம்மைத் தாமே பிரதியெடுத்து இடத்தை நிரப்புகின்றன. பிழையுள்ள பிரதி ஒன்று அதில் இருந்தால் அதுவும் பெருகும். பி செல்களோ ஆறு மாதத்திலேயே திரும்பிவிடுகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டிய டி செல்கள் பழைய எண்ணிக்கைக்கு வர ஆண்டுக்கணக்காகும். மேற்பார்வை இல்லாத இந்த இடைவெளியில் தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. குடும்பத்தில் இத்தகைய நோய் இருந்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

ஏன் தைராய்டு என்பதற்கு முழு விடை இல்லை. முடக்குவாத நோயாளிகளுக்கும் இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் இது இந்த அளவில் தலைகாட்டவில்லை.

அக்காவின் கதைக்கு வருகிறேன். 2020 ஜனவரி 4 அன்று, எங்களுக்கு மேற்கே இருக்கும் பென்ரித்தில் 48.9 டிகிரி வெயில். அந்த வாரம் முழுக்க அக்காவுக்குக் கை நடுக்கம், படபடப்பு, சோர்வு. எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சூடு ஆகாது. உடல் வெப்பம் ஏறினால் பழைய அறிகுறிகள் தலைதூக்கும். அதனால் வெயில்தான் காரணம் என்று அவரும் நினைத்தார், அவரைப் பார்த்த முதல் மருத்துவரும் நினைத்தார். வெயில் தணிந்த பிறகும் படபடப்பு தணியவில்லை. பிப்ரவரியில் இன்னொரு மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். டி.எஸ்.எச். அளவிட முடியாத அளவுக்குக் கீழே. கிரேவ்ஸ் நோய்.

சோர்வு, நடுக்கம், சூடு தாங்காமை, தசை பலவீனம் ஆகிய நான்கும் எம்.எஸ்.ஸிலும் உண்டு, மிகைத் தைராய்டிலும் உண்டு. அறிகுறியை வைத்துப் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் பரிசோதனை அட்டவணையே. கடைசி மருந்தேற்றத்துக்குப் பின் 48 மாதம் வரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச்.; மாதாமாதம் ரத்த அணு எண்ணிக்கை, கிரியேட்டினின், சிறுநீர். மாதப் பரிசோதனை தைராய்டுக்காக அல்ல. ரத்தத் தட்டுகளை உடலே அழிக்கும் ஒரு கோளாறும், அபூர்வமாகச் சிறுநீரகத் தாக்குதலும் இதே வழியில் வருகின்றன. தட்டுக் கோளாறால் ஒருவர் இறந்ததால்தான் 2005இல் சோதனையில் மருந்து கொடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள். காரணமில்லாமல் தோலில் நீலம் பாரித்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், அடுத்த மாதச் சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

கருத்தரிக்க விரும்பும் பெண்கள் ஒன்று கவனிக்க வேண்டும். தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் பாதிக்கக்கூடும். தைராய்டு சிகிச்சை முடிந்தவர்களும் மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

பயோட்டின் என்ற வைட்டமின் விஷயம் பலருக்குத் தெரியாது. எம்.எஸ்.ஸுக்கு நல்லது என்று நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை சாப்பிட்டவர்கள் உண்டு. 2020இல் வெளியான பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. ஆனால் பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையை இது ஏமாற்றிவிடும்: இல்லாத மிகைத் தைராய்டு இருப்பதாகக் காட்டும். தலைமுடிக்கென்று கடையில் விற்கும் மாத்திரைகளிலும் பயோட்டின் உண்டு. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். பெரிய அளவில் சாப்பிடுபவர்கள் இன்னும் முன்பாக.

2019 ஏப்ரலில், பக்கவாதம், இதயப் பாதிப்பு முதலிய காரணங்களால் ஐரோப்பிய மருந்துகள் முகமை அலெம்டுசுமாப் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியது. ஆக்ரிலிசுமாப் போன்ற புதிய மருந்துகளும் வந்துவிட்டதால் இப்போது இதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் குறைவு. ஆனால் இன்டர்ஃபெரான் ஊசி போடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதிலும், பெரும்பாலும் முதலாம் ஆண்டில், தைராய்டு ஏறி இறங்கலாம்.

அக்கா கார்பிமசோல் சாப்பிட்டார். எட்டு மாதத்தில் தைராய்டு எதிர்த்திசைக்குப் போய் அடியில் விழுந்தது. இந்த மருந்தால் வரும் கிரேவ்ஸில் இப்படிப் புரள்வது உண்டாம். இப்போது தைராக்சின், காலையில் வெறும் வயிற்றில், தேநீருக்கு அரைமணி முன்னால். எம்.எஸ். இதுவரை திரும்பவில்லை. "மருந்து எடுத்தது பிழையெண்டு நான் நினைக்கேல்லை, தம்பி," என்றார். "ரத்தம் குடுக்காமல் விட்டதுதான் பிழை."

2021 மார்ச்சில் நான்காண்டுக் கணக்கு முடிந்தது. தைராக்சினுக்காக இன்றும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறார். பல தடவை காரோட்டி நான்தான்.