மாணவர் மனநல நெருக்கடி உதவி (இந்தியா)

மாணவர் மனநல நெருக்கடி உதவி என்பது தாங்கமுடியாத மன உளைச்சல், கடும் பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கு உள்ளான கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு உடனடியாக அளிக்கப்படும் ஆதரவு ஆகும். நோய் இன்னதென்று மருத்துவர் உறுதிசெய்த பின்னரே இதனை நாடவேண்டும் என்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் பள்ளி மாணவர் உட்பட 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர்.

சட்ட நிலை

மாணவர்கள் உதவி கேட்கத் தயங்குவதற்கு அச்சமும் ஒரு காரணம் ஆகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவு தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்நிலையை மாற்றியது. மே 29, 2018 இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 115 ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதவேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. சூலை 1, 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. எனினும், அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் முயல்வது 226 ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பது மற்றோர் அச்சம். 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களுக்கு இரகசியக் காப்பு அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து நேரும்போது, அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் தகவலை வெளியிடலாம். பதினெட்டு வயது நிரம்பாத முதலாண்டு மாணவர் சட்டப்படி சிறார் ஆவார் என்பதால், அவரது சிகிச்சையில் பெற்றோர் அல்லது காப்பாளருக்குப் பங்குண்டு.

தொலைபேசி உதவி

அக்டோபர் 10, 2022 இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல வல்லுநரிடம் இணைப்பார். தமிழ்நாட்டில் இது "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் இயங்குகிறது. சென்னையில் 1986 இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா என்ற தன்னார்வ அமைப்பு இத்துறையில் முன்னோடி எனலாம்.

கல்வி நிறுவனங்களின் பொறுப்பு

சூலை 25, 2025 இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்களின்படி, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனம் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையேனும் அமர்த்தவேண்டும். உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பெரிய எழுத்தில் காட்சிப்படுத்துவதும் கட்டாயம். மாலையில் பூட்டப்படும் ஆலோசனை அறையால் நள்ளிரவில் பயனில்லை ஆதலால், இவ்வெண்கள் விடுதிச் சுவரில் இருப்பது முக்கியமானதாகும்.

நண்பர்களின் பங்கு

நெருக்கடியை முதலில் அறிபவர் பெரும்பாலும் அறைத்தோழரே. தற்கொலை எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உடனடி ஆபத்து தென்பட்டால் அவரைத் தனியே விடாமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவேண்டும். விடுதிக் காப்பாளருக்கும் தெரிவிக்கவேண்டும். யாரிடமும் சொல்வதில்லை என முன்பு வாக்களித்திருந்தாலும் இது பொருந்தும்.