நைட்டிங்கேலின் நோயறையில் இசை

இசை மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் 1950இல் அமெரிக்காவில் அமைந்த தேசிய இசை சிகிச்சைச் சங்கத்தை ஒட்டியே எழுதப்படுகிறது. செவிலியரின் பங்கு அதற்கு முற்பட்டது.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910) தம் பதினாறாம் வயதில் இறைவனின் அழைப்பைப் பெற்றதாக எழுதிவைத்தவர். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில், நோயாளர் பணியைச் சமயத் தொண்டாகக் கொண்ட பெண்களிடையே பயிற்சி பெற்றவர். இளமையில் இத்தாலிய இசைநாடகத்தின் மீது அவருக்கு இருந்த மோகமும் சிறிதன்று. எனினும், 1859இல் வெளிவந்த ‘செவிலியப் பணிக் குறிப்புகள்’ நூலில் இசை பற்றிய கருத்து இரைச்சல் குறித்த இயலிலேயே இடம்பெறுகிறது. இவ்வைப்புமுறை கருதத்தக்கது. நோயாளியின் செவியை அடையும் ஓசைகளுள் ஒன்றாகவே இசையை அவர் நோக்கினார். அறுபடாது தொடரும் ஓசை, அதாவது மனிதக் குரல், காற்றுக்கருவி, வில்லிசைக்கும் நரம்புக்கருவி ஆகியவை நோயாளிக்கு இதமளிக்கும். விட்டுவிட்டு ஒலிக்கும் பியானோ, எத்துணைத் திறம்பட வாசிக்கப்பட்டாலும் தீங்கே செய்யும் என்பது அவர் முடிபு. தெருவில் கைப்பிடி சுழற்றி இசைக்கும் எளிய பெட்டியைக்கூட அவர் பியானோவுக்கு மேலாக வைத்தார் என்பது இன்றைய இசைவாணர்க்கு உவப்பாக இராது. செலவு மிகுதியால் இசையைப் பரவலாகப் பயன்படுத்த இயலாது என்றும் அவர் கருதினார்.

ஆழ்ந்த இறைப்பற்றுடையவராயினும் இசையின் பயனுக்கு அவர் தெய்வீகக் காரணம் கற்பிக்கவில்லை. நோயாளியின் நிலையே அவருக்கு அளவுகோல். நியூயார்க்கில் 1903இல் இசை மருத்துவத்துக்கெனச் சங்கம் கண்ட ஈவா வெசீலியஸ், உடலதிர்வின் ஒத்திசைவை மீட்பது இசை என்னும் ஆன்மிகக் கொள்கையைச் சார்ந்திருந்தார். செவிலியரும் இசைக்கலைஞருமான ஐசா மாட் இல்சன் 1926இல் மருத்துவமனை இசைக்கெனத் தேசியச் சங்கம் நிறுவியபோது, நைட்டிங்கேல் சுட்டிய செலவுத் தடைக்கு நிறுவன வழியில் விடை தேடப்பட்டது எனலாம்.